வில்லங்கமும் விரிசலும்

சென்னையை ஒட்டிய மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, வேலை நடந்துகொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 61 பேர் இறந்தார்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) திட்ட அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடம் அது. பக்கத்தில் ஜோடியாக நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். கொச்சியை அடுத்த மரடுவில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் அதே விதமாகத் தரைமட்டமாயின. அங்கே கட்டடத்தின் உறுதியைப் பற்றி வழக்கே இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறி எழுந்தவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று சொன்னது, அவ்வளவுதான். வாங்கியவர்களிடம் பதிவான பத்திரம் இருந்தது, வரி கட்டிய ரசீது இருந்தது. ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

வீடு வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இரண்டு என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே போதும். ஒன்று தாளைச் சோதிப்பது, மற்றது சுவரைச் சோதிப்பது. தமிழ்நாட்டில் முதலாவதற்கு ஒரு தொழிலே இருக்கிறது. ரீசேல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?" என்பார்கள். வக்கீலுக்குப் பணம் கொடுக்க யாரும் தயங்குவதில்லை. வாஸ்து பார்ப்பவரும் திசைகாட்டியோடு வந்துபோவார்; ஈசானிய மூலையில் கழிப்பறை இருந்தால் பேரமே முறியும். அந்தக் கழிப்பறை கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் ஆள் வருவதில்லை. மிஞ்சிப் போனால் பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் வந்து, சுவரை இரண்டு தட்டு தட்டி, "அந்தக் காலத்து வேலைப்பா, ஸ்ட்ராங்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போவார். 60 லட்சத்துக்கு வீடு வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்ற வகையில் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் கட்டுகிறார். கட்டடத்தைச் சோதிக்கச் சில ஆயிரங்கள் செலவழிக்கலாமே என்றால் "அதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்பவரும் அவரேதான்.

சட்டம் இந்தப் பாகுபாட்டைச் செய்யவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்து வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருக்கும் முக்கியக் குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. குறை சொத்தில் இருந்தாலும் சரி, சொத்தின் மீதுள்ள உரிமையில் இருந்தாலும் சரி. இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருகின்றன. வாக்கியத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கிறது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறைக்கு இந்தக் கடமை கிடையாது. பத்திர விஷயத்தில் சாதாரணக் கவனம் என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும்: 30 வருஷத்து வில்லங்கச் சான்றிதழ் (ஈசி), மூலப்பத்திரம், பட்டா, வக்கீல் கருத்து. சுவர் விஷயத்தில் அப்படி ஒரு வழக்கம் ஊன்றவில்லை. "கூரையில் கறை இருந்தது, நீங்கள்தான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை" என்று விற்றவர் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு நம் அலட்சியம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தாளுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் ஒரு ஞாபகம் உண்டு, சுவருக்குக் கிடையாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுகிற அசையாச் சொத்தை விற்றால் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதால், நாம் பிறப்பதற்கு முன்னால் அந்த மனையை யார் யாருக்கு விற்றார் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அதே வீட்டின் குளியலறை எந்த வருஷம் ஒழுகியது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது, ஏசி குழாய் விடுவதற்காக உத்தரத்தை யார் குடைந்தார் என்பதையெல்லாம் எழுதிவைத்த புத்தகம் எங்கும் இல்லை. ஆகவே வக்கீல் படிக்கிறார். பொறியாளர் துப்பறிய வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து வேறு ஏற்பாடு. பழைய வீட்டை விற்பனைக்கு வைக்கும்போதே விற்கிறவர் தன் செலவில் சர்வேயரின் அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கூரை, சுவர், புகைபோக்கி என்று ஒவ்வொன்றுக்கும் பழுதின் அவசரத்தைப் பொறுத்து 1, 2, 3 என்று தரம் போட்டிருப்பார்கள். வீடு கைமாறும்போதெல்லாம் சுவருக்கு ஒரு குறிப்பு சேர்கிறது. நம் ஊரில் விற்கிறவர் சேர்ப்பது ஒரு கோட் பெயின்ட்.

வில்லங்கச் சான்றிதழை நல்ல வக்கீல் ஒருவர் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். படிவம் 15இல் ஒவ்வொரு பதிவுக்கும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவண எண், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை இருக்கும். அவர் கையில் பென்சில். முந்தைய பத்திரத்தில் எழுதி வாங்கியவர்தான் அடுத்த பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறாரா, தகப்பனார் பெயர் ஒத்துப்போகிறதா என்று பெயருக்குப் பெயர் கோடு இழுத்துக்கொண்டே வருவார். இடையில் ஓர் அடமானம் வந்தால் கோடு நிற்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் கீழே எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுவார். 2,400 சதுர அடி மனை அடுத்த கிரயத்தில் 2,280 ஆகியிருந்தால் மிச்சம் எங்கே போனது என்பார். பதிவே இல்லை என்றால் படிவம் 16 வரும். வாங்குகிறவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார், வக்கீல் புருவத்தை உயர்த்துவார்; உட்பிரிவு எண்ணைத் தப்பாகக் கொடுத்துத் தேடியிருந்தாலும் இதே 'இல்லை'தான் வரும்.

அந்த ஞாபகத்திலும் ஓட்டைகள் உண்டு. உயிலைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, கோர்ட்டில் நிலுவையில் கிடக்கும் வழக்கு இவை ஈசியில் வராமல் போகலாம். பவர் எனப்படும் அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செத்துப்போகிறது. இறந்த சேதியை எந்தப் பதிவேடும் தானாகச் சொல்லாது. இதனால்தான் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள், "வீட்டில் இப்போ யார் இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். 30 வருஷம் என்ற கணக்கும் சும்மா வந்ததில்லை. அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க வழக்குப் போடுவதற்கு 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் தரும் கெடு 30 ஆண்டு. ஆக, தாளைப் படிப்பதற்கு எவ்வளவு தூரம் பின்னால் போகவேண்டும் என்பதற்குக்கூட ஓர் எல்லைக்கல் நட்டிருக்கிறது.

சுவரைப் படிக்கிறவருக்கு எல்லைக்கல்லும் இல்லை, படிவமும் இல்லை. அவர் முதலில் பார்ப்பது புதுப் பெயின்டை. வீடு முழுக்க அடித்திருந்தால் விற்பனைக்காக அடித்தது என்று விட்டுவிடலாம். ஒரே அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடித்திருந்தால் அங்கே நிற்பார். பிறகு அலமாரிக் கதவுகளைத் திறப்பார், லாஃப்டுக்குள் டார்ச் அடிப்பார், சமையலறை சிங்க்கின் அடியில் குனிவார். பெயின்டர் அங்கெல்லாம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதில்லை. குளியலறைக்குப் பின்பக்கம் இருக்கும் படுக்கையறை அலமாரிக்குள் பெயின்ட் கொப்பளித்து, கீழ்த்தட்டு ஓரமாக வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஓதம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துபோகும்.

அடுக்குமாடி வீடுகளில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய்களை அந்தப் பள்ளத்தில் ஓட்டி, செங்கல் உடைசலை நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டுவது நம் பழக்கம். உள்ளே ஓர் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் அந்தப் பள்ளத்திலேயே மாதக்கணக்கில் தேங்கும். மேல்வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கீழ்வீட்டுக்காரர் குளியலறையில் சொட்டும். வாங்கப்போகிற வீட்டின் குளியலறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கீழ்வீட்டின் கதவைத் தட்டுவதுதான் சரியான வழி. கட்டட விஷயத்தில் கீழ்வீட்டுக்காரரைப் போல உண்மை பேசும் மூலப்பத்திரம் கிடையாது. விற்கிறவரோடு அவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

விரிசலைக் கண்டதும் பயப்படுகிறவர்களும் உண்டு, எந்த விரிசலையும் சிமென்ட் வைத்து அடைத்தால் போதும் என்கிறவர்களும் உண்டு. பூச்சில் வலை மாதிரி ஓடும் முடிக்கோடுகள் பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தவை. பார்க்க அசிங்கமே தவிர வேறொன்றுமில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் கோடும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது, இரண்டு பொருளும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. ஜன்னல் மூலையில் கிளம்பிச் சாய்வாக ஏறி, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும், சுவருக்கு அந்தப் பக்கமும் தெரிகிற விரிசல் வேறு ஜாதி. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் பூமியில் இது புதிதல்ல. அது நின்றுபோன விரிசலா, இன்னும் வளர்கிற விரிசலா என்பது ஒரு நாள் பார்த்தால் தெரியாது. முனையில் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு, அல்லது குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் கிரயம் முடிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவருக்கு அதற்கு எங்கே நேரம்?

கம்பியின் நிலை பால்கனியின் அடியிலும் சன்ஷேடிலும் மேல்நிலைத் தொட்டியின் அடிவயிற்றிலும் தெரியும். துருப்பிடித்த கம்பி தான் இருந்த இடத்தைவிட அதிக இடம் கேட்கும்; கான்கிரீட்டை உள்ளிருந்தே பெயர்த்துத் தள்ளும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடற்காற்று படும் இடங்களில் இது சீக்கிரம் நடக்கிறது. பெயர்ந்ததைப் பூசி மறைத்திருந்தால் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போகும்போது ஒலி மாறும். சந்தேகம் வலுத்தால்தான் கருவிகள் வேண்டும்: கான்கிரீட் மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும் ரீபவுண்ட் ஹேமர், உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று காட்டும் அல்ட்ராசோனிக் சோதனை, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும் கவர் மீட்டர். முதல் நாளுக்கு டார்ச், சுத்தியல், ஈரம் பார்க்கும் மீட்டர், தரையில் உருட்ட ஒரு கோலிக்குண்டு போதும். மின்பலகையில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்பதற்கு அரை நிமிடம். மொட்டைமாடித் தட்டோட்டின் இணைப்புகளை ஐப்பசி, கார்த்திகையில் பார்க்கவேண்டும். சித்திரையில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

படித்தவர்களுக்கு மட்டும் தெரியும் சாஸ்திரம் என்று இதை நினைக்கவேண்டாம். திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள்.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேற்றுமை பளிச்சென்று தெரியும். வக்கீல் கருத்து எத்தனை பக்கம் ஓடினாலும் கடைசியில் ஒரு வரியில் வந்து நிற்கும்: உரிமை தெளிவாக இருக்கிறது, விற்கத்தக்கது. அல்லது இன்னின்ன ஆவணம் வந்தால் அப்படி ஆகும். பொறியாளர் அறிக்கையில் அப்படி ஒரு கடைசி வரி வராது. 'கண்ணுக்குத் தெரிந்த அளவில்', 'திறந்து பார்க்க வாய்ப்பில்லாத இடங்கள் நீங்கலாக' என்ற ஒட்டுகளோடுதான் ஒவ்வொரு வாக்கியமும் வரும். இதைப் பார்த்துத் தட்டிக்கழிக்கிறார் என்று எரிச்சல்படுகிறவர்கள் அதிகம். என் கணிப்பில் இந்தத் தயக்கம்தான் அந்த அறிக்கையின் யோக்கியதை. சுவருக்குள் பார்க்காமலே 'பில்டிங் பக்கா' என்று எழுதிக் கொடுக்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

வங்கி அனுப்புகிற ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கடன் போட்டு வாங்குகிறவர் வங்கியின் வக்கீலும் வந்தார், வங்கியின் பொறியாளரும் வந்தார், இனி என்ன கவலை என்று இருந்துவிடுகிறார். வக்கீல் விஷயத்தில் இந்த நிம்மதி பாதி நியாயம். உரிமையில் குறை இருந்தால் வங்கியின் பணமும் போகும் என்பதால் அவர் உங்களுக்காகவும் சேர்த்தே பார்க்கிறார். பொறியாளர் விஷயத்தில் அதுவும் இல்லை. அவர் வருவது மதிப்புப் போட. அளப்பார், போட்டோ எடுப்பார், சுற்றுவட்டாரத்தில் சதுர அடி என்ன விலை என்று கேட்பார், போய்விடுவார். வீட்டை ஏலம் விட்டால் கடன் தேறுமா என்பதுதான் அவருக்கு இடப்பட்ட கேள்வி. குளியலறை ஒழுகுவதால் ஏல விலை பெரிதாக இறங்கிவிடாது.

புது வீட்டுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், ஊர்வாயில் ரேரா, இரண்டு குறைகளுக்கும் வழி வைத்திருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சொன்னால் கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. நிலத்தின் உரிமையில் குறை இருந்து நட்டம் வந்தால் இழப்பீடு கேட்பதற்குக் காலவரம்பே தடையாகாது என்கிறது 18ஆம் பிரிவு. தாளின் குறைக்கு ஆயுசு முழுக்க, சுவரின் குறைக்கு ஐந்தே வருஷம். ஒருவிதத்தில் நியாயம்தான், சுவருக்கு வயதாகும், பத்திரத்துக்கு வயதாகாது. ஆனாலும் துருவும் கசிவும் வெளியே தலைகாட்ட எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்தால் ஐந்து வருஷம் குறைவாகவே படுகிறது. ரீசேலில் வாங்கினாலும் அந்த ஐந்து வருஷத்தில் மிச்சம் இருப்பது வாங்குகிறவரைச் சேரும்; வீட்டை எந்தத் தேதியில் ஒப்படைத்தார்கள் என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பலர் கேட்பதில்லை.

எது முக்கியம் என்று கேட்டால், வாங்குவது என்ன என்பதைப் பொறுத்தது. தெருவோடு ஒட்டிய 40 வருஷத்துத் தனிவீட்டில் விலையின் பெரும்பகுதி மண்ணுக்கு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இடித்துக் கட்டுகிற எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அங்கே சுவர் எப்படியிருந்தால் என்ன, எல்லைக்கல்லும் பட்டாவும் சரியாக இருக்கவேண்டும். ஃபிளாட்டில் கதை தலைகீழ். உங்களுக்குச் சேர்வது பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது யூடிஎஸ், சில நூறு சதுர அடி. மீதி விலை எல்லாம் கான்கிரீட்டுக்கு. தூணில் கோளாறு என்றால் தனியாக இடித்துக் கட்டவும் முடியாது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் பாடுபட்டவர்களுக்கு அதன் பொருள் புரியும். நடைமுறையில் பார்த்தால் தனிவீடு வாங்குகிறவர்தான் கொத்தனாரைக் கூட்டிவருகிறார், ஃபிளாட் வாங்குகிறவர் ஈசியை மட்டும் பார்க்கிறார்.

இரண்டு சோதனைகளும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு: அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். அது தாள், ஆனால் அதைச் சோதிக்க வீட்டுக்குள் நிற்கவேண்டும். வக்கீல் அதன் முத்திரையையும் எண்ணையும் பார்த்துக் கோப்பில் சேர்க்கிறார். வீட்டுக்கு அவர் வருவதில்லை. பொறியாளர் வீட்டுக்கு வருகிறார். வரைபடத்தை யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்றிருப்பது தரையில் ஒரு படுக்கையறை வீடாக இருக்கும். தரைத்தளமும் இரண்டு மாடியும் என்று அனுமதி வாங்கியதன் மேல் மூன்றாவது மாடி நிற்கும், அதுதான் உங்களுக்கு விற்கப்படும் மாடியாகவும் இருக்கும். அந்த மாடிக்கு வில்லங்கம் போட்டால் சுத்தமாக வரலாம், சுவரைத் தட்டினால் நன்றாகவும் ஒலிக்கலாம். வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு மாடிகளை எண்ணியவருக்குத்தான் பிடிபடும். இரண்டு மாடிக்குப் போட்ட அஸ்திவாரம் கூடுதலாக ஒன்றைத் தாங்குமா என்ற கேள்வியும் அங்கேதான் எழும். வக்கீலையும் பொறியாளரையும் ஒரே நாளில், ஒரே வீட்டில், வரைபடத்தோடு நிறுத்த முடிந்தால் மற்ற எல்லாச் சோதனையையும்விட அந்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம்.

முடியாவிட்டால், குறைந்தபட்சம் கிரய ஒப்பந்தத்தில் ஒரு பத்தி கூடுதலாக எழுதச் சொல்லலாம். உரிமையில் குறை தெரிந்தால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற வாசகம் வழக்கமான ஒப்பந்தங்களில் இருக்கிறது. அதற்குக் கீழேயே, கையெழுத்தான இத்தனை நாளுக்குள் வாங்குகிறவர் தன் செலவில் ஒரு கட்டடப் பொறியாளரைக் கொண்டு வீட்டை ஆய்வு செய்யலாம், கட்டமைப்பில் பெரும் பழுது இருப்பதாக எழுத்தில் வந்தால் விலையைத் திருத்தவோ முன்பணத்தைத் திரும்பப் பெறவோ உரிமை உண்டு என்று சேர்க்கவேண்டும். பத்திரம் எழுதுகிறவர் தன் ஃபார்மேட்டில் இப்படி எதுவும் இல்லையே என்பார். புரோக்கர் முகம் சுளிப்பார். விற்கிறவர் ஒப்புக்கொள்கிறாரா, அல்லது "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று எழுந்துவிடுகிறாரா என்பதிலிருந்தும் வீட்டைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.